மைதானம் மாறும் மாணவர்: பயிற்சியாளரை விட்டுப் போகும் முடிவும் நம் வகுப்பறையும்

விளையாட்டு விடுதிகளுக்கான தேர்வு அறிவிப்பு வெளிவரும் கோடை மாதங்களில், தொப்பம்பட்டி ஒன்றியத்துப் பள்ளிகளில் ஒரே மாதிரியான ஒரு பேச்சு நடக்கும். பிள்ளைக்கு ஓட்டத்திலோ கைப்பந்திலோ சிலம்பத்திலோ நல்ல திறமை இருக்கும். மாவட்ட அளவில் ஒரு சான்றிதழும் வாங்கியிருக்கும். பெற்றோர் மக்காச்சோளக் காட்டு வேலையை விட்டுவிட்டுப் பள்ளிக்கு வருவார்கள். விண்ணப்பம் எப்படிப் போடுவது என்று கேட்பது போலத்தான் தொடங்குவார்கள். உண்மையில் கேட்க வந்தது வேறு. "இத்தன நாளா சொல்லிக்கொடுத்த சார விட்டுட்டு இன்னொருத்தருகிட்ட அனுப்புனா அவரு மனசு சங்கடப்படுமா? அது தப்பா?"

உடற்கல்வி ஆசிரியரிடம் கேட்க முடியாததால் வகுப்பாசிரியரிடம் கேட்கிறார்கள். பிள்ளையோ யாரிடமும் கேட்பதில்லை. எனவே இது உடற்கல்வி ஆசிரியர் மட்டும் படிக்க வேண்டிய செய்தி அன்று. பல தொடக்க, நடுநிலைப் பள்ளிகளில் உடற்கல்விக்குத் தனி ஆசிரியரே இல்லை. பிள்ளைகளைக் குறுவட்டப் போட்டிக்கு அழைத்துப் போவது கணக்கு ஆசிரியராகவோ தமிழாசிரியராகவோ இருக்கும்.

பயிற்சியாளரை மாற்றுவது பெரிய வீரர்கள் வாழ்வில் எப்படி நடந்தது என்பதை எடுத்துக்கொண்டு ஒன்பதாம் வகுப்பில் இரண்டு பாடவேளைகள் நடத்தினேன். அதன் பொருளையும் நடத்திய விதத்தையும் இங்கே தருகிறேன். தமிழ்ப் பாடத்தில் கடிதம் எழுதுதலோடு இது இயல்பாகப் பொருந்துகிறது. சமூக அறிவியல் ஆசிரியரும் ஆங்கில ஆசிரியரும் தங்களுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளலாம்.

ஆடும் பசுவும்

தமிழாசிரியர் என்பதால் நன்னூலிலிருந்துதான் தொடங்கினேன். பவணந்தி முனிவர் பொதுப்பாயிரத்தில் மாணாக்கரை மூன்று தரமாகப் பிரிக்கிறார். அன்னமும் பசுவும் போன்றவர் முதல் தரம். மண்ணும் கிளியும் போன்றவர் இடைத்தரம். ஓட்டைக் குடம், ஆடு, எருமை, நெய்யரி போன்றவர் கடைத்தரம். ஆட்டை ஏன் கடைசியில் வைத்தார் என்பதற்கு உரையாசிரியர்கள் தரும் விளக்கம் சுவையானது. ஒரு செடியில் வயிறார மேயாமல், இங்கே ஓர் இலை, அங்கே ஓர் இலை என்று கடித்துக்கொண்டே போகுமாம். பசு கிடைத்த இடத்தில் வயிறு நிறைய மேய்ந்து, பிறகு ஓரிடத்தில் படுத்து அசைபோடும்.

எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு இந்த உவமையை விளக்க வேண்டியதில்லை. பாதிப்பேர் வீட்டில் இரண்டும் உண்டு. ஆனால் ஒரு மாணவன் எழுந்து கேட்டான்: "ஐயா, ஒரு காட்டுல மேஞ்சு முடிச்சப்புறம் மாட்டை அடுத்த காட்டுக்கு ஓட்டித்தானே ஆகணும்?" நான் கேட்க நினைத்திருந்த கேள்வியையே அவன் எடுத்துக் கொடுத்துவிட்டான். இடம் மாறுவது ஆட்டுக்கும் உண்டு, பசுவுக்கும் உண்டு. பழைய இடத்தில் வயிறு நிறைந்ததா என்பதுதான் வேறுபாடு. ஆசிரியரை மாற்றியவர்களையெல்லாம் ஆடு என்று சொல்லிவிட நன்னூல் இடம் தரவில்லை என்பது என் கருத்து. இந்த ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று பெண்களின் கதைகளைப் பார்த்தோம்.

ஹைதராபாத்திலிருந்து பெங்களூருக்கு

முதல் கதை சாய்னா நேவால். 1990இல் அரியானாவின் ஹிசாரில் பிறந்து ஹைதராபாத்தில் வளர்ந்தவர். தொடக்கத்தில் நானி பிரசாத் ராவ், எஸ்.எம். ஆரிஃப் ஆகியோரிடம் இறகுப்பந்து கற்றார். பிறகு புல்லேலா கோபிசந்திடம் போனார். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்றபோது இறகுப்பந்தில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் ஒலிம்பிக் பதக்கம் அது. குருவும் மாணவியும் என்றால் நாடே இந்த இருவரைத்தான் சொல்லும்.

அடுத்த ஆண்டு, 2013இல், சாய்னாவுக்கு ஒரு பட்டமும் கிடைக்கவில்லை. அதே ஆண்டில் அதே பயிற்சியகத்தில், அதே பயிற்சியாளரிடம் ஆடிவந்த 18 வயது பி.வி. சிந்து உலகச் சாம்பியன்ஷிப் போட்டியில் வெண்கலம் வென்றார். 2014இல் கோபன்ஹேகனில் மீண்டும் வெண்கலம். அதே போட்டியில் சாய்னா காலிறுதியில் சீனாவின் லீ ஷுவேருயிடம் தோற்றார். அதை அடுத்து 2014 செப்டம்பரில், 24 வயதில், அவர் ஹைதராபாத்தை விட்டு பெங்களூருக்குப் போய் உ. விமல்குமாரிடம் பயிற்சியைத் தொடங்கினார். முதலில் ஆசிய விளையாட்டுப் போட்டி வரைக்கும் என்றுதான் ஏற்பாடு. பிறகு அதுவே நிலைத்துவிட்டது.

இந்த இடத்தில் கதையை நிறுத்திக் கரும்பலகையில் ஒரே ஒரு கேள்வியை எழுதினேன்: "நீங்கள் அந்த அக்காவாக இருந்தால் போவீர்களா?" வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. "ஒலிம்பிக் மெடல் வாங்கிக் கொடுத்தவரை விட்டுட்டுப் போறது நன்றி இல்லாத வேலை" என்றார்கள் ஒரு பக்கம். "தோத்துக்கிட்டே இருந்தா என்ன பண்றது?" என்றது மறுபக்கம். கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி சொன்னதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. "அந்தச் சாரு இப்ப அந்தத் தங்கச்சியத்தான் பாக்குறாருன்னு அவங்களுக்குத் தோணியிருக்கும்."

அந்த மாணவி கோபிசந்த் சொன்னதைப் படித்தவள் அல்லள். 2020இல் வெளிவந்த ஓர் ஒலிம்பிக் வரலாற்று நூலில் கோபிசந்த் ஏறக்குறைய இதையேதான் பேசியிருக்கிறார். வேறு சில வீரர்களையும் கவனிக்க வேண்டியிருந்தது, சிந்து வேகமாக முன்னேறிக்கொண்டிருந்தார், சாய்னாவைப் புறக்கணிக்கும் எண்ணம் தமக்கு ஒருபோதும் இல்லை, ஆனால் அதை அவருக்குப் புரியவைக்கத் தம்மால் முடியவில்லை போலும் என்ற பொருளில் சொன்னார். அவர் போவதை விரும்பவில்லை என்பதையும், அந்தப் பிரிவு தம்மை மிகவும் வருத்தியதையும் மறைக்கவில்லை. ஒரு தேசியப் பயிற்சியாளர் ஆறு ஆண்டுகள் கழித்து இப்படித் திறந்து பேசியதை நாம் படிக்க வேண்டும். 40 பேர் இருக்கும் வகுப்பில் யாரையும் புறக்கணிக்கும் எண்ணம் நமக்கும் இல்லைதான். கடைசி வரிசைப் பிள்ளைக்கு அது தெரியுமா?

மீதிக் கதையை அடுத்த நாள் சொன்னேன். இடம் மாறிய இரண்டரை மாதத்தில், 2014 நவம்பரில், சாய்னா சீன ஓப்பன் பட்டத்தை வென்றார். அதே நாளில் அதே அரங்கில் ஆடவர் இறுதியில் கோபிசந்தின் மாணவர் கிடாம்பி ஸ்ரீகாந்த் சீனாவின் லின் டானை வீழ்த்தினார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் பழைய பயிற்சியாளரிடம் ஏதோ குறை இருந்தது என்று பிள்ளைகள் எடுத்துக்கொள்வார்கள். 2015 மார்ச்சில் ஆல் இங்கிலாந்து இறுதிப் போட்டி வரை வந்தார். அந்த மாத இறுதியில் இந்திய ஓப்பனை வென்று, உலகத் தரவரிசையில் முதலிடம் பிடித்த முதல் இந்தியப் பெண் ஆனார். ஆகஸ்டில் ஜகார்த்தாவில் உலகச் சாம்பியன்ஷிப் வெள்ளி.

இங்கேயே முடித்திருந்தால் இது ஒரு வெற்றிக் கதை. 2016 ரியோ ஒலிம்பிக்கில் முழங்கால் காயத்தோடு ஆடி முதல் சுற்றுப் பிரிவிலேயே வெளியேறினார். கோபிசந்திடம் இருந்த சிந்து வெள்ளி வென்றார். 2017 ஆகஸ்டில் கிளாஸ்கோ உலகச் சாம்பியன்ஷிப்பில் வெண்கலம் வென்ற சாய்னா, அடுத்த மாதமே மீண்டும் கோபிசந்திடம் திரும்பினார். மூன்று ஆண்டுகள். 2018 ஏப்ரலில் கோல்டு கோஸ்ட் காமன்வெல்த் போட்டியின் இறுதியில் சிந்துவையே வென்று தங்கம் பெற்றார்.

"திரும்பி வந்தா ஏத்துக்குவாங்களா ஐயா?" என்று நம்ப முடியாமல் கேட்டார்கள். ஏற்றுக்கொண்டார் என்றேன். அந்த வகுப்பில் இதைவிட அதிகம் பேசப்பட்ட செய்தி வேறில்லை.

பனித்தளத்தில் ஒரு 18 வயதுப் பெண்

ஃபிகர் ஸ்கேட்டிங் எனப்படும் பனித்தளச் சறுக்கு நடனம் நம் பிள்ளைகளுக்குப் புதிது. காலணிக்கு அடியில் கத்தி போன்ற தகடு கட்டிக்கொண்டு, உறைந்த பனிமேல் இசைக்கு ஆடிக்கொண்டே காற்றில் எழும்பிச் சுழல வேண்டும். ஒரு காணொலியைக் கைப்பேசியில் காட்டிவிட்டால் போதும், விளக்கம் தேவைப்படாது.

ரஷ்யாவின் எவ்ஜெனியா மெத்வெதெவா சிறுமியாக இருந்தபோதிலிருந்து மாஸ்கோவில் எதெரி துத்பெரிட்ஸே என்னும் பயிற்சியாளரிடம் கற்றவர். 2016, 2017 இரண்டு ஆண்டுகளிலும் உலகச் சாம்பியன். 2018 பிப்ரவரியில் பியோங்சாங் குளிர்கால ஒலிம்பிக்கில் அவரை வென்றவர் 15 வயது அலினா ஸாகிதோவா. அவரும் அதே பயிற்சியாளரின் மாணவி. இருவரும் நீள் நடனத்தில் பெற்ற மதிப்பெண் ஒன்றேதான்: 156.65. மொத்தத்தில் வேறுபாடு வெறும் 1.31. அந்த ஆண்டு மே மாதம், 18 வயதில், மெத்வெதெவா தம் பயிற்சியாளரை விட்டுக் கனடாவின் டொரண்டோவில் இருந்த பிரையன் ஆர்சரிடம் போனார். ஜப்பானின் யுசுரு ஹன்யூ தம் 17ஆம் வயதில், 2012இல், செண்டாயிலிருந்து போய்ச் சேர்ந்ததும் இதே ஆர்சரிடம்தான். ஹன்யூ 2014, 2018 இரண்டு ஒலிம்பிக்கிலும் தங்கம் வென்றார்.

மெத்வெதெவாவுக்கு அப்படி நடக்கவில்லை. புதிய பயிற்சியில் முதல் பருவம் தடுமாற்றமாகவே போனது. 2018 டிசம்பரில் ரஷ்ய தேசியப் போட்டியில் ஏழாம் இடம். இருமுறை உலகச் சாம்பியன் ஆனவருக்கு ஏழாம் இடம்! ஆனால் மூன்று மாதம் கழித்து, 2019 மார்ச்சில் ஜப்பானின் சைதாமாவில் உலகச் சாம்பியன்ஷிப் வெண்கலம் வென்றார். 2020 செப்டம்பரில் பழைய பயிற்சியாளரிடமே திரும்பினார்.

சாய்னாவின் கதையோடு இதை அடுத்தடுத்து வைத்தால் பிள்ளைகளே ஒற்றுமைகளைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள். மூத்த மாணவி, வளர்ந்து வரும் இளைய மாணவி, ஒரே பயிற்சியாளர். ஒரு தோல்வி. பிரிவு. பிறகு திரும்புதல். நான் அழுத்திச் சொன்னது அந்த ஏழாம் இடத்தை. பயிற்சியாளர் மாறினால் ஆட்டம் முதலில் கீழே இறங்குவது பெரும்பாலும் நடப்பதுதான். பல ஆண்டுகள் ஒரு விதமாகத் தாண்டிப் பழகிய உடம்பு அதை யோசிக்காமலே செய்யும். புதியவர் வந்து, "இடது காலை ஊன்றும் இடம் சரியில்லை" என்று மாற்றினால், பழைய பழக்கம் போய்ப் புதியது படியும் வரை இரண்டும் ஒழுங்காக வராது. கைப்பந்தில் அடிப்பதற்காக ஓடிவரும் அடிகளை மாற்றிய பிள்ளையும், சிலம்பத்தில் வேறு ஆசானின் காலடி வரிசைக்கு மாறிய பிள்ளையும் சில மாதங்கள் தடுமாறுவது இதனால்தான். விடுதிக்குப் போன பிள்ளை முதல் ஆண்டு போட்டியில் தோற்றுவிட்டு வந்தால், "நம்ம ஊர்லயே இருந்திருக்கலாம்" என்று வீட்டில் சொல்லிவிடுகிறார்கள். அந்தச் சொல் அந்தப் பிள்ளையை விளையாட்டிலிருந்தே வெளியேற்றிவிடக்கூடும். அனுப்பும்போதே பெற்றோரிடம் இதை நாம் சொல்லிவைக்க வேண்டும். ஓராண்டுக்குப் பதக்கம் கேட்காதீர்கள் என்று.

சென்னைப் பள்ளியிலிருந்து பிரான்ஸ் வரை

மூன்றாவது கதை நம் மாநிலத்தின் சி.ஏ. பவானி தேவி. 1993இல் சென்னையில் பிறந்தவர். 2004இல் முருக தனுஷ்கோடி பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் ஆறாம் வகுப்பில் சேர்ந்தபோது விளையாட்டைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். மற்ற விளையாட்டுகளில் இடம் நிரம்பிவிட்டது. மிச்சம் இருந்தது வாள்வீச்சு. அப்படித்தான் சேர்ந்தார். கருவிகளின் விலை அதிகம் என்பதால் தொடக்கத்தில் மூங்கில் குச்சிகளை வைத்தே பயிற்சி. நம் பள்ளிகளில் ஈட்டிக்குப் பதில் மூங்கில் கழி எறியும் பிள்ளைகள் இன்றும் இருக்கிறார்கள். அதனால் இந்தச் செய்தியைக் கேட்டதும் வகுப்பில் ஒரு சலசலப்பு எழுந்தது.

பத்தாம் வகுப்புக்குப் பிறகு கேரளத்தின் தலச்சேரியில் உள்ள இந்திய விளையாட்டு ஆணைய மையத்துக்குப் போய் சாகர் லாகுவிடம் பயின்றார். பிறகு இத்தாலியின் லிவோர்னோவில் நிக்கோலா ஸனோட்டி. டோக்கியோ ஒலிம்பிக்குக்குத் தகுதிபெற்று, ஒலிம்பிக்கில் வாள்வீசிய முதல் இந்தியர் ஆனார். 2021 ஜூலை 26 அன்று முதல் ஆட்டத்தில் துனிசியாவின் நாடியா பென் அஸிஸியை 15-3 என வென்றார். அடுத்த ஆட்டத்தில் பிரான்சின் மனோன் புரூனேயிடம் 7-15 எனத் தோற்றார். அதன் பிறகு மீண்டும் ஒரு மாற்றம்: பிரான்சில் கிறிஸ்டியன் பாவர். 2023 ஜூனில் சீனாவின் வூஷி நகரில் ஆசியச் சாம்பியன்ஷிப் காலிறுதியில் உலகச் சாம்பியனாக இருந்த ஜப்பானின் மிசாகி எமுராவை வென்று வெண்கலம் பெற்றார். அந்தப் போட்டியில் இந்தியா பெற்ற முதல் பதக்கம்.

பள்ளி, தலச்சேரி, லிவோர்னோ, பிரான்ஸ் என நான்கு இடங்கள். இது ஆடா, பசுவா என்று கேட்டேன். ஒருவரும் ஆடு என்று சொல்லவில்லை. ஒவ்வோர் இடத்திலும் ஆண்டுக்கணக்கில் இருந்திருக்கிறார், அடுத்த இடத்தின் தேவை என்ன என்று தெரிந்த பிறகு போயிருக்கிறார் என்று அவர்களே காரணம் சொன்னார்கள். சாய்னாவின் மாற்றத்தில் மனவருத்தம் இருந்தது. பவானியின் மாற்றங்கள் பெரும்பாலும் படியேறுவது போன்றவை. ஐந்தாம் வகுப்பு ஆசிரியர் பிள்ளையை ஆறாம் வகுப்புக்கு அனுப்புவதைப் போல. ஐந்தாம் வகுப்பு முடிந்ததும் நமக்கு வருத்தம் வருவதில்லை. மைதானத்தில் மட்டும் ஏன் வருகிறது? மைதானத்தில் வகுப்பு முடிவதற்கு ஆண்டுத் தேர்வு இல்லை என்பதால்தான் என்று நினைக்கிறேன். முடிந்துவிட்டது என்பதை யாராவது ஒருவர் வாய்திறந்து சொல்ல வேண்டியிருக்கிறது.

நின்றுவிடுவது

நம் பிள்ளைகள் வாய்திறந்து சொல்வதில்லை. அவர்களுக்குத் தெரிந்த ஒரே வழி நின்றுவிடுவது. திங்கட்கிழமை மைதானத்துக்கு வரமாட்டார்கள். கேட்டால் கால்வலி. அடுத்த வாரம் அம்மாவுக்குக் காய்ச்சல். பிறகு வராந்தாவில் உடற்கல்வி ஆசிரியரைப் பார்த்தால் வேறு வழியாகப் போய்விடுவார்கள். மூன்று ஆண்டு அன்பு இப்படி முடிகிறது. ஆசிரியர் மனதில் கசப்பு, பிள்ளை மனதில் குற்றவுணர்வு. போன இடம் சரிப்படாவிட்டால் திரும்பிவர முகமும் இருக்காது. சாய்னா திரும்பியபோது வகுப்பு ஏன் அவ்வளவு வியந்தது என்பது இதை யோசித்தால் விளங்கும்.

இரண்டாம் பாடவேளையில் தந்த பயிற்சி இதற்காகத்தான். பாடத்திட்டத்தில் உள்ள கடிதம் எழுதுதல். தலைப்பு: "உங்களுக்குப் பயிற்சி தந்தவரிடமிருந்து வேறோர் இடத்துக்குப் போகிறீர்கள். அவருக்கு ஒரு கடிதம் எழுதுக." நிபந்தனை மூன்று. அவரிடம் கற்ற ஒரு குறிப்பிட்ட செய்தி கடிதத்தில் வர வேண்டும். ஏன் போகிறேன் என்பதற்கு உண்மையான காரணம் வர வேண்டும். பொய்க்காரணம் கூடாது.

முதல் முயற்சியில் பெரும்பாலோர் எழுதியது "தாங்கள் எனக்குச் செய்த உதவிகளுக்கு நன்றி" வகைதான். வழிகாட்டி நூலில் வரும் மாதிரிக் கடிதத்தின் நிழல். குறிப்பிட்ட செய்தி எங்கே என்று திருப்பிக் கொடுத்த பிறகுதான் உண்மையான வரிகள் வந்தன. ஒரு மாணவன் எழுதியிருந்தான்: "மழையில் ஈரமான தரையில் எப்படி விழுந்தால் அடிபடாது என்று நீங்கள்தான் காட்டினீர்கள்." ஒரு மாணவி: "நான் தோற்று அழுதபோது நீங்கள் ஒன்றும் சொல்லாமல் டீ வாங்கிக் கொடுத்தீர்கள்." காரணம் எழுதும் இடம்தான் எல்லோருக்கும் கடினமாக இருந்தது. "அங்கே நல்ல தரை இருக்கிறது" என்று எழுதியவர்கள் உண்டு. "உங்களுக்குக் கைப்பந்து தெரியும், எனக்குப் பிடித்தது நீளம் தாண்டுதல்" என்று ஒருவர். இதை எழுத எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்பது எழுதிப் பார்த்தால்தான் தெரியும்.

மதிப்பிடும்போது எழுத்துப்பிழையை அடையாளம் மட்டும் இட்டேன், மதிப்பெண் குறைக்கவில்லை. உண்மையான காரணம் இருந்தால் கூடுதல் மதிப்பெண். இந்தக் கடிதங்களை யாருக்கும் அனுப்பக் கூடாது, வகுப்பில் பெயர் சொல்லிப் படிக்கவும் கூடாது. அப்படிச் செய்துவிட்டால் அடுத்த முறை ஒருவரும் உண்மை எழுதமாட்டார்கள்.

இதில் மிகக் கவனமாக இருக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. ஒரு பிள்ளை, "அந்தப் பயிற்சிக்குப் போகமாட்டேன், காரணம் சொல்லமாட்டேன்" என்றால், நன்றி, விசுவாசம் என்ற பேச்சையே எடுக்கக் கூடாது. அடி, அவமானம், தொடுகை என எதுவாகவும் இருக்கலாம். தனியாக, அவசரப்படுத்தாமல் கேட்க வேண்டும். பாலியல் துன்புறுத்தல் என்ற ஐயம் எழுந்தால், போக்சோ சட்டம் 2012இன்படி அதைத் தெரிவிப்பது நம் கடமை. பள்ளிக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளும் விஷயம் அன்று. குழந்தைகள் உதவி எண் 1098, பள்ளிக்கல்வித் துறையின் உதவி எண் 14417 இரண்டையும் நம் பள்ளிகளில் எழுதிவைத்திருக்கிறோம். எழுதிவைத்திருப்பதைப் பிள்ளைகள் பார்த்து வாசித்திருக்கிறார்களா என்று இந்தப் பாடவேளையில் கேட்டுப் பாருங்கள்.

விடுவிப்பதும் ஒப்படைப்பதும்

பிரிவில் ஆசிரியர் தரப்புக்கும் வேலை இருக்கிறது. விடுதியில் இடம் கிடைத்த மாணவனின் மாற்றுச் சான்றிதழை, குடியரசு தினக் குழுப் போட்டி முடியட்டும் என்று தள்ளிப்போட்ட பள்ளியை நான் அறிவேன். அணியில் ஒருவன் குறைந்தால் அணியே கலையும் என்பது அவர்களின் கவலை. கவலை புரிகிறது. ஆனால் கல்வி உரிமைச் சட்டம் 2009இன் 5ஆம் பிரிவு தெளிவாக இருக்கிறது. தொடக்கக் கல்வி முடியும்வரை வேறு பள்ளிக்கு மாறக் குழந்தைக்கு உரிமை உண்டு. கேட்டவுடன் தலைமையாசிரியர் மாற்றுச் சான்றிதழ் வழங்க வேண்டும். தாமதித்தால் ஒழுங்கு நடவடிக்கைக்கு உள்ளாக நேரும். சான்றிதழ் வரவில்லை என்று புதிய பள்ளி சேர்க்கையை மறுக்கவும் முடியாது. ஒன்பதாம் வகுப்புக்கு மேல் அந்தப் பிரிவு நேரடியாகப் பொருந்தாவிட்டாலும் நியாயம் மாறுமா? எமிஸ் தளத்தில் பெயரைப் பொதுத் தொகுப்புக்கு விடுவது சில நிமிட வேலை.

சான்றிதழோடு இன்னொரு தாளும் போகலாம் என்பது என் யோசனை. உடற்கல்வி ஆசிரியரும் வகுப்பாசிரியரும் சேர்ந்து எழுதும் ஒரு பக்கக் குறிப்பு. எந்த வயதில் விளையாடத் தொடங்கினாள், எங்கே காயம் பட்டிருக்கிறது, எந்தக் கால் வலிமையானது, தோற்றால் எப்படி இருப்பாள், வீட்டில் காலைச் சாப்பாடு உண்டா, மாதவிடாய் நாட்களில் பயிற்சியில் என்ன கவனம் தேவை, கணக்கில் பின்தங்கியிருக்கிறாளா. இவை எந்தப் படிவத்திலும் இல்லை. புதிய பயிற்சியாளர் இவற்றைத் தாமே கண்டுபிடிக்க ஓராண்டு ஆகும். அந்த ஓராண்டில்தான் ஏழாம் இடம் வருகிறது. குறிப்பைப் பிள்ளைக்கும் பெற்றோருக்கும் படித்துக் காட்டி, அவர்கள் வேண்டாம் என்று சொல்வதை அடித்துவிட்ட பிறகே அனுப்ப வேண்டும்.

ஏழாம் வகுப்புக்கு இதே பாடத்தை எடுப்பவர்கள் கடிதத்துக்குப் பதில் நடிப்பு வைக்கலாம். ஒருவர் பயிற்சியாளர், ஒருவர் மாணவி, ஒருவர் அப்பா. மெத்வெதெவாவின் கதை அங்கே கொஞ்சம் தூரமாகப் படலாம். சாய்னாவும் பவானியும் போதும். பயிற்சியாளராக நடிப்பவருக்கு முன்கூட்டியே ஒரு சீட்டு கொடுங்கள். "போகாதே என்று மூன்று முறை சொல்லிப் பார், நான்காம் முறை வழியனுப்பு" என்று அதில் இருக்கட்டும். எங்கள் பள்ளியில் அந்த வேடத்தைக் கேட்டு வாங்கியவன் நடிப்பு தொடங்கியதும் முதல் முறையிலேயே, "சரி, போயிட்டு வா. லீவுக்கு வந்தா மைதானத்துக்கு வரணும்" என்றான். மாணவியாக நடித்தவளுக்கு அடுத்து என்ன பேசுவதென்று தெரியவில்லை. பிறகு, "வர்றேன் சார். அப்ப தம்பிக்கு என் ஷூவக் குடுத்துட்டுப் போறேன்" என்றாள்.